மூன்று அடுக்கில் மின்காப்பு, நான்கு அடுக்கில் மின்னோட்டம்: சோதித்துப் பார்க்கும் முறை

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் மின்காப்பான். அதன்மேல் படியும் லாந்தனம் அலுமினேட்டும் மின்காப்பான்தான். ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் (இடைமுகத்தில்) மின்சாரம் ஓடுகிறது என்று ஓட்டோமோ, ஹ்வாங் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். மேல்படலம் நான்கு அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) தடிமனை எட்டினால்தான் ஓடும் என்பது 2006-இல் வெளிவந்தது. ஒரு கூடு 0.38 நானோமீட்டர்கூட முழுசாக இல்லை. அவ்வளவு மெல்லிய அடுக்கு ஒன்று கூடினால் கடத்துதிறன் பல ஆயிரம் மடங்கு எகிறுகிறது. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இந்தச் சோதனையைத்தான் கொடுப்பேன்.

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் அடித்தட்டில் தொடங்குங்கள். அதன் மேற்பரப்பு டைட்டானியம் ஆக்சைடு தளத்தில் முடிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடில் முடிந்தால் எத்தனை அடுக்கு போட்டாலும் ஓடாது. பஃபர் கலந்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அரித்து (கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் பக்கத்தில்கூடப் போகாதீர்கள்), ஆக்சிஜனில் சுமார் 950 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். அணுவிசை நுண்ணோக்கியில் படிகள் ஒவ்வொன்றும் 0.39 நானோமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அரைப்படி தெரிந்தால் அந்தத் தட்டு வேண்டாம்.

படலத்தை லேசர் துடிப்பால் வளர்க்கும்போது கண் ரீட் (RHEED) திரையிலேயே இருக்கட்டும்; மேற்பரப்பில் பட்டுச் சிதறும் எலக்ட்ரான் கற்றையை அது ஒளிப்புள்ளிகளாகக் காட்டும். புள்ளியின் ஒளி மங்கும், மறுபடி பிரகாசமாகும். அப்படி ஒரு சுற்று முடிந்தால் ஒரு கூடு நிறைந்தது. ஒளி உச்சத்துக்குத் திரும்பிய நொடியில் லேசரை நிறுத்துங்கள். அரைகுறை அடுக்கை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. இரண்டு முதல் ஆறு அடுக்கு வரை தனித்தனித் தட்டுகளில், ஒரே வெப்பநிலை, ஒரே ஆக்சிஜன் அழுத்தத்தில் போடுங்கள்.

எல்லோரும் நான்கடுக்குத் தட்டை அளக்கத்தான் ஓடுவார்கள். மூன்றடுக்குத் தட்டை முதலில் அளங்கள் என்பேன் நான். அது ஓடக் கூடாது. ஏன் என்பது எளிய கணக்கு: லாந்தனம் ஆக்சைடு தளம் நேர்மின், அலுமினியம் ஆக்சைடு தளம் எதிர்மின் என்று மாறிமாறி அடுக்குவதால், ஒரு கூட்டுக்குச் சுமார் 0.9 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஏறுகிறது. மூன்றுக்கு 2.7. அடித்தட்டின் ஆற்றல் இடைவெளி (கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தாண்ட வேண்டிய ஆற்றல்) 3.2. நான்காவது கூடு அதைத் தாண்டிவிடுகிறது. எலக்ட்ரான்கள் இடைமுகத்துக்கு இறங்குகின்றன. மேற்பரப்பில் உருவாகும் ஆக்சிஜன் வெற்றிடங்களே (ஆக்சிஜன் அணு விட்டுப்போன இடங்கள்) அந்த எலக்ட்ரான்களைத் தருகின்றன என்று சொல்பவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

அளப்பதற்கு மேலே முனையை வைத்துப் பயனில்லை, மேல்படலமே மின்காப்பான். வயர் பாண்டரின் (மெல்லிய கம்பியை ஒட்டும் கருவி) மீயொலி அதிர்வில் கம்பி படலத்தைத் துளைத்து இடைமுகத்தைத் தொட வேண்டும். தட்டை முந்தின இரவே இருட்டில் வைத்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால் அடித்தட்டிலேயே எலக்ட்ரான்கள் கிளம்பி, மூன்றடுக்கும் ஓடுவதுபோல் காட்டும்.

இருட்டிலும் ஓடுகிறதா? பெரும்பாலும் வளர்க்கும்போது ஆக்சிஜன் குறைந்து அடித்தட்டில் வெற்றிடங்கள் விழுந்திருக்கும். ஆக்சிஜனில் மறுபடி சூடாக்கி அளங்கள். காந்தப்புலத்தில் வைத்து எலக்ட்ரான்களின் அடர்த்தியைக் கணக்கிடும் ஹால் அளவீட்டையும் பாருங்கள்: மேலே சொன்ன கணக்குப்படி இடைமுகம் சதுர சென்டிமீட்டருக்கு அதிகபட்சம் 3.3×10¹⁴ எலக்ட்ரான்கள்தான் தர முடியும். 10¹⁶ என்று வந்தால் நீங்கள் அளப்பது அடித்தட்டை.