ஏசாத ஊர்ல பொழைக்கது எப்படி: ஜப்பானுக்கு வேலைக்குப் போற நம்ம மாவட்டத்து பிள்ளைங்களுக்கு

நாகர்கோவில்ல பக்கத்து வீட்டு நடையில ஒரு தேங்கா மட்டைய மாத்தி போட்டாக் கூட அந்த அக்கா தெருவே கேக்க ஏசிருவா, அரை மணிக்கூர்ல சண்ட தீந்து சாயங்காலம் அவளே மரச்சீனி அவிச்சு கொடுத்து விடுவா. ஜப்பான்ல இந்த வசதி கெடையாது மக்கா. நீங்க செஞ்சது தப்புன்னு ஒருத்தரும் மூஞ்சிக்கு நேர சொல்ல மாட்டாங்க, சிரிச்சிட்டே போவாங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஆபீஸ்ல கூப்பிட்டு ரொம்ப மரியாதையா ஒரு பேச்சு பேசுவாங்க. நகோயா பக்கம் ஃபேக்டரில ஆறு வருசமா இருக்கேன், இப்ப மார்த்தாண்டம் குளச்சல் தக்கலைன்னு நெறைய பிள்ளைங்க ஜப்பானிஸ் பரீட்சைக்கு படிக்கிறதா கேள்விப்பட்டேன், அதான் எழுதுதேன்.

முதல்ல குப்பை. சிரிக்காதீங்க, நம்ம ஆளுங்க பேரு கெடுறதே இதுலதான். எரியுற குப்பை, பிளாஸ்டிக், பாட்டில், டின்னுன்னு தனித்தனி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கிழமை, அன்னைக்கு காலைல 8 மணிக்குள்ள (சில ஊர்ல நேரம் மாறும்) கொண்டு வைக்கணும், முந்தின ராத்திரி வச்சா காக்கா கிழிச்சு தெரு நாறிரும். நெறைய ஊர்ல முனிசிபாலிட்டி சொல்லுத கவர்லதான் போடணும். தண்ணி பாட்டில்னா மூடிய கழத்தி, லேபிள உரிச்சு, அலசி. தொக்குஷிமா பக்கம் கமிகாட்சுன்னு ஒரு சின்ன ஊர்ல நாப்பது வகைக்கு மேல பிரிக்காங்க, அத பாக்கும்போ நம்ம பாடு தேவல. நான் போன புதுசுல எல்லாத்தையும் ஒரே கவர்ல கெட்டி வச்சேன், வண்டி எடுக்காம ஒரு ஸ்டிக்கர ஒட்டிட்டு போயிட்டு. மூணு நாளு எல்லாரும் அந்த கவர தாண்டி போனாங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதுக்கு ஏச்சு வாங்கியிருக்கலாம். வீடு மாறுன 14 நாளுக்குள்ள சிட்டி ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும்லா, அப்ப குப்பை காலண்டரையும் கேட்டு வாங்கி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிருங்க.

அடுத்தது பேரு. நமக்கு குடும்பப் பேரு கெடையாது, பாஸ்போர்ட்ல அந்த எடத்துல அப்பா பேருதான் கெடக்கும். அங்க ஆள கூப்பிடுறது குடும்பப் பேரோட மரியாதைக்கு 'சான்' சேத்து. அதனால ஆறு வருசமா என்ன எங்க அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிடுதாங்க, ஊர்ல அந்த பேர அப்படி விளிச்சா பல்லு இருக்காது. முதல் நாளு அறிமுகத்துலயே "என்ன இப்படி கூப்பிடுங்க"ன்னு சொல்லிருங்க, பெரும்பாலும் கேட்டுக்கிடுவாங்க. உங்க பேர கத்தகனால, அதாவது வெளிநாட்டு பேர எழுதுத ஜப்பானிய எழுத்துல, எப்படி எழுதணும்னு இங்கயே முடிவு பண்ணி எல்லா எடத்துலயும் அத மட்டும் எழுதுங்க, பேங்க்ல ஒண்ணு கம்பெனில ஒண்ணுன்னு இருந்தா சம்பளம் ஏறுறதுக்குள்ள சீரழிஞ்சிருவீங்க.

வேலை எடத்துல ஒரே ஒரு வார்த்தை தெரிஞ்சா பாதி தப்பிச்ச மாதிரி, 'ஹோரென்சோ'. அந்த பாஷையில அது பாலக்கீரைக்கு பேரு, ஆனா அறிக்கை, தகவல், ஆலோசனைன்னு மூணு ஜப்பானிய வார்த்தையோட முதல் எழுத்த சேத்தாலும் அதே சத்தம் வரும், அதான் வெளையாட்டா வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல கெட்டிக்காரன்னா முதலாளிட்ட போகாம அவனே சரி பண்ணிருவான். அங்க அது கெட்டிக்காரத்தனம் இல்ல, குத்தம். ஒரு ஸ்குரூ மாறிட்டா உடனே போய் சொல்லணும், பாதி வேலையில சொல்லணும், முடிஞ்சதும் சொல்லணும்.

நேரத்த பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம், 2018ல ஒரு ரயிலு 25 செகண்டு முந்தி கெளம்பிட்டுன்னு ரயில்வே மன்னிப்பு கேட்ட தேசம் அது. ரயிலு லேட்டானா ஸ்டேஷன்லயே சர்டிபிகேட் தருவாங்க, வாங்கிட்டு போங்க, ஆனா லேட் ஆகும்னு தெரிஞ்ச ஒடனே போன் அடிச்சிருங்க.

அவங்க 'முடியாது'ன்னு வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. "ச்சோத்தோ..."ன்னு இழுத்து பல்லு வழியா மூச்ச உள்ள வாங்குனா கதை முடிஞ்சுன்னு அர்த்தம். கல்யாணத்துக்கு பைசா கேட்டா மாமா "பாப்பம்"னு சொல்லுவாருல்லா, அதேதான், மறுபடி கேக்கப்பிடாது. லீவும் இப்படித்தான். சேந்து ஆறு மாசம் கழிச்சு சட்டப்படி 10 நாளு சம்பளத்தோட லீவு உண்டு, ஆனா முந்தின நாளு போய் நின்னா ச்சோத்தோ தான், ஒரு மாசம் முந்தியே கேளுங்க. வேதக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும், டிசம்பர் 25 அங்க சாதாரண வேலை நாளு. நானே நைட் ஷிப்ட் பாத்துட்டு போன்ல எங்க ஊரு கோயில் பூசை பாத்திருக்கேன். வருசக் கடைசில பொதுவா டிசம்பர் 29லேர்ந்து ஜனவரி 3 வரைக்கும்தான் லீவு.

வீட்டுக்குள்ள செருப்போட சவுட்டாதீங்க, இது நமக்கு தெரிஞ்சதுதான், ஆனா கக்கூசுக்கு தனி செருப்பு இருக்கும், அத போட்டுட்டே கூடத்துக்கு வந்துராதீங்க, நான் வந்திருக்கேன். சோத்துல குச்சிய குத்தி நிப்பாட்டாதீங்க, அது இறந்தவங்களுக்கு வைக்குத முறை. கருவாடு பொரிக்கணும்னா ஜன்னல அடச்சு அடுப்புக்கு மேல உள்ள ஃபேன போட்டு பொரிங்க, அவங்களும் காஞ்ச மீன் திங்குதவங்கதான், நம்ம மாசிக் கருவாடு மாதிரியே சூரை மீன்ல கட்ஸுவோபுஷின்னு செஞ்சு சீவி போடுவாங்க, இருந்தாலும் நம்ம நெத்திலி மணம் மூணு மாடி தாண்டும்.

சுனாமிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், 2004ல குளச்சலும் மணக்குடியும் பட்டது போதும். கடக்கரை பக்கம் இருக்கும்போ நிலம் பலமா ஆடுனாலோ ரொம்ப நேரம் ஆடுனாலோ போன் அலறட்டும்னு காத்திருக்காம மேட்டுக்கு ஓடுங்க. கம்பெனில டிரில் வச்சா வெளையாட்டா நிக்காதீங்க. ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110.

லீவுக்கு ஊருக்கு வந்துட்டு திரும்பும்போ கூட வேலை பாக்குதவங்களுக்கு தின்பண்டம் கொண்டு போகணும், ஒமியாகேன்னு சொல்லுவாங்க, கொண்டு போகலன்னா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா கணக்கு வச்சிருப்பாங்க. மட்டிப்பழத்த பெட்டில வச்சுராதீங்க, எறச்சி ஐட்டமும் வேண்டாம், ஏர்போர்ட்லயே பிடுங்கிருவாங்க. நேந்திரங்கா சிப்ஸ் நல்லது. முதல் தடவ ரெண்டு கிலோவ ஒரே கவரா பிரிச்சு மேசையில வச்சேன், சாயங்காலம் வரைக்கும் ஒரு கை அதுல படல. ஆளுக்கொரு பாக்கெட்டா இருந்தாத்தான் எடுப்பாங்கன்னு அப்புறம்தான் வெளங்குச்சு. மறு வருசம் வடசேரில முப்பது சின்ன பாக்கெட் போட்டு வாங்கிட்டு போனேன், மத்தியானத்துக்குள்ள காலி. எங்க லைன்ல ரிட்டயர் ஆகப் போற ஒரு பெரியவரு பைய பக்கத்துல வந்து "ச்சோத்தோ..."ன்னு இழுத்தாரு. என்ன தப்பு பண்ணுனோம்னு எனக்கு வயிறு கலங்கிட்டு. இன்னொரு பாக்கெட் இருக்கான்னு கேக்க வந்திருக்காரு மனுசன்.