கைகாலில் இறுக்குப் பள்ளத்தோடு பிறந்த குழந்தையை வீட்டில் கவனிக்கும் முறை

அம்னியாட்டிக் பேண்ட் சிண்ட்ரோம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். பனிக்குடத்தின் உள்சவ்வு கிழிந்து, அதன் இழைகள் கருவின் விரலையோ காலையோ சுற்றிக்கொள்வதால் இது வருகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உறுப்பு வளர வளர இழை இறுகிப் பள்ளம் விழும். சில குழந்தைகளுக்கு விரல்நுனிகள் ஒட்டியிருக்கும், அல்லது விரலே இருக்காது. கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்ததால் இது வந்ததல்ல. தாயிடம் யாராவது அப்படிச் சொன்னால், வீட்டார் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

பள்ளத்தைவிட அதற்குக் கீழே இருக்கும் பகுதியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஆழமான பள்ளம் நிணநீரும் ரத்தமும் திரும்பி வருவதைத் தடுக்கும். வீக்கம் ஏற ஏற இறுக்கமும் ஏறும். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் விரல்நுனியை மெதுவாக ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் சிவக்க வேண்டும். பிறந்த ஓரிரு நாளில் கைகால் லேசாக நீலம் பூப்பது இயல்பு. அதனால் எப்போதும் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீலமாக, வெளிறி, சில்லிட்டு இருந்தாலோ, வீக்கம் கூடினாலோ, பள்ளத்தில் நீர் கசிந்தாலோ, அசைந்துகொண்டிருந்த விரல் அசையாமல் போனாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், மெல்ல ஏறும் வீக்கமும் தெரிந்துவிடும்.

அந்தக் கைகாலில் கறுப்புக் கயிறு, வசம்பு வளையல், கொலுசு, காப்பு எதுவும் வேண்டாம். கையுறை, காலுறையை உள்பக்கம் திருப்பி, தொங்கும் நூலை வெட்டிய பிறகே போடுங்கள். ஒரு தலைமுடி சுற்றினாலே போதும், ரத்தம் நின்றுவிடும். குளிப்பாட்டியதும் பள்ளத்தின் உள்ளே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். எண்ணெயும் பவுடரும் உள்ளே தங்கித் தோலைப் புண்ணாக்கும். பள்ளத்தை நீவி நேராக்க முடியாது. இழை ஒட்டியிருப்பது தெரிந்தாலும் வீட்டில் வெட்டாதீர்கள். ஊசி போடும் செவிலியரிடம் முன்பே காட்டி, வீங்கிய காலைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

ஆழமில்லாத பள்ளத்துக்கு அறுவை தேவைப்படாமலே போகலாம். ரத்த ஓட்டம் தடைபட்டால் காத்திருக்கக் கூடாது. அறுவையில், இறுகிய தோலை எடுத்துவிட்டு இசட் வடிவில் வெட்டித் தைப்பார்கள். தழும்பு நேர்க்கோடாக விழுந்தால் மறுபடி சுருங்கி இறுக்கும் என்பதால்தான் இந்த வளைவு. நுனி ஒட்டிய விரல்களைப் பெரும்பாலும் முதல் வயதுக்குள் பிரிப்பார்கள். நீளம் வேறுபட்ட விரல்கள் ஒட்டியபடியே வளர்ந்தால் நீள விரல் வளைந்துபோகும்.

சிலருக்கு வளைபாதமும் சேர்ந்திருக்கும். அதற்கு வாரம் ஒரு மாவுக்கட்டு மாற்றும் பொன்செட்டி சிகிச்சை உண்டு. அதே காலில் பள்ளமும் இருந்தால் கட்டுப் போடுபவருக்கு அவசியம் காட்டுங்கள். கட்டுக்கு வெளியே கால்விரல்கள் எல்லாம் தெரிய வேண்டும். அவை நீலமானாலோ உள்ளே நழுவினாலோ கட்டை அன்றே கழற்றச் செய்யுங்கள்.