பழைய டீசல் லாரிக்கு எந்த இன்ஜின் ஆயில்? சிஐ-4 பக்கெட் கிடைக்கலன்னா என்ன பண்றது

நம்மது 2012 மாடல் லேலண்ட், பிஎஸ்-3 வண்டி (பிஎஸ்ங்குறது அரசாங்கத்தோட புகைக் கட்டுப்பாட்டு அளவு, நம்பர் கூடக் கூட புது வண்டி). எப்பவும் சிஐ-4 பிளஸ் 15டபிள்யூ-40 தான், முதல்ல இருக்குறது ஆயிலோட தரம், அடுத்தது திக்னஸ். போன தடவ கடைக்குப் போனா அது ஸ்டாக் இல்ல, இப்ப இதான் வருதுன்னு சிகே-4 பக்கெட்ட எடுத்து வச்சாங்க. பட்டறைல கேட்டா அது பிஎஸ்-6 வண்டி ஆயில், பழைய இன்ஜினுக்கு ஆகாதுங்குறாரு ஒருத்தர், திக்கா 20டபிள்யூ-50 ஊத்து புகை நின்னுரும்ங்குறாரு இன்னொருத்தர். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களேன்னு ஸ்பெக் எல்லாம் தேடிப் படிச்சேன், இப்ப சிகே-4 தான் ஓடுது, ஆயில் பிரஷர் நல்லா நிக்குது. எப்படி முடிவு பண்ணேன்னு சொல்றேன்.

ஸ்டெப் 1: வண்டி மேனுவல்ல என்ன கிரேடு போட்டிருக்குன்னு பாத்து எழுதி வச்சுக்குங்க. மேனுவல் இல்லன்னா சர்வீஸ் சென்டர்ல கேட்டா சொல்லிடுவாங்க.

ஸ்டெப் 2: பக்கெட்ட திருப்பி பின்னாடி பாருங்க. முன்னாடி இருக்குற டர்போ, பவர், கோல்டு எல்லாம் வெறும் பேரு. பின்னாடி ஏபிஐ-ன்னு (ஆயிலுக்குத் தரம் வகுக்குற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) போட்டு வர்ற எழுத்துதான் விஷயம். சி-ல ஆரம்பிச்சா டீசல், எஸ்-ல ஆரம்பிச்சா பெட்ரோல். ரெண்டும் சேந்து இருந்தா எது முதல்ல இருக்குன்னு பாருங்க, அந்த ஆயில் முக்கியமா அதுக்குத்தான் செஞ்சது. எஸ்என்/சிஎஃப்னு இருக்குற கார் ஆயில் விலை கம்மியா இருக்குன்னு லாரில ஊத்தாதீங்க.

வரிசை இதான்: சிஎச்-4 1998ல வந்துச்சு, சிஐ-4 2002, சிஐ-4 பிளஸ் 2004, சிஜே-4 2006, சிகே-4 2016 கடைசில. பழசு கேக்குற இன்ஜினுக்கு புதுசு ஊத்தலாம், புதுசு கேக்குற இன்ஜினுக்கு பழசு ஊத்தக்கூடாது. பிஎஸ்-6 வண்டில சிஐ-4 ஊத்தினா ஆயில் எரிஞ்ச சாம்பல் போயி டிபிஎஃப்ல (சைலன்சர் பக்கம் புகைக்கரிய பிடிக்குற ஃபில்டர்) அடைச்சிக்கும், செலவு கிறுகிறுக்க வைக்கும்.

இதுல ஒண்ணே ஒண்ணு விதிவிலக்கு, எஃப்ஏ-4. அதுவும் சிகே-4 கூடவே 2016ல வந்ததுதான், ஆனா டீசல் மிச்சம் பண்றதுக்காக வேணும்னே லேசா செஞ்சது. சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஆயில் எவ்ளோ திக்கா நிக்குதுன்னு ஒரு அளவு இருக்கு, எச்டிஎச்எஸ்ம்பாங்க. சிகே-4ல அது 3.5க்கு குறையக்கூடாது, எஃப்ஏ-4ல 2.9ல இருந்து 3.2 வரைக்கும்தான். பழைய இன்ஜின் பேரிங்குக்கு அது பத்தாது. யார் சொன்னாலும் வாங்காதீங்க.

ஸ்டெப் 3: திக்னஸ். எல்லாரும் குழம்புறது இங்கதான். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 ரெண்டும் இன்ஜின் சூடானப்புறம் ஒரே திக்குதான், கடைசி 40 அதத்தான் சொல்லுது. முன்னாடி இருக்குற நம்பர் காலைல ஆறிக் கிடக்குற இன்ஜின ஸ்டார்ட் பண்றப்போ ஆயில் எவ்ளோ சீக்கிரம் மேல ஏறுதுன்னு சொல்றது, அங்க 15 நல்லது. நம்மூர் வெயிலுக்கு 15டபிள்யூ-40 தாராளமா போதும். வண்டி ஆயில் குடிக்குதுன்னா ரிங்கையும் வால்வு சீலையும் பாருங்க, 50 ஊத்தினா புகை கொஞ்ச நாள் மறையும், தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

ஸ்டெப் 4: டிபிஎன். நான் ரொம்ப நேரம் மண்டைய உடைச்சிக்கிட்டது இதுலதான். டீசல்ல இருக்குற சல்ஃபர் எரிஞ்சா ஆசிட் ஆகும், அத முறிக்கிறதுக்கு ஆயில்ல கார மருந்து போடுவாங்க, அதோட அளவுதான் டிபிஎன். சிஜே-4ல இருந்து சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு, ஆயில் எரிஞ்சா முக்கியமா இந்த மருந்துதான் சாம்பலாகும், அதனால மருந்தையும் குறைச்சிட்டாங்க. பட்டறைல "பழைய வண்டிக்கு ஆகாது"ன்னு சொல்றதுக்கு அடிப்படை இதான், ஒரு காலத்துல அது சரியும்கூட. ஆனா பிஎஸ்-3 காலத்து டீசல்ல சல்ஃபர் 350 பிபிஎம் (பத்து லட்சத்துல 350 பங்கு), பிஎஸ்-4ல 50, 2020 ஏப்ரல்ல இருந்து நாடு பூரா 10 பிபிஎம் டீசல்தான் வருது. வண்டி பழசா இருந்தாலும் நீங்க போடுற டீசல் புதுசு, அதனால ஆசிட்டும் கம்மி, சிகே-4ல இருக்குற மருந்தே போதும். அதோட சூட்டுல கெட்டியாகாம தாங்குறது சிகே-4ல இன்னும் நல்லாருக்கு.

இன்னொண்ணு பாஸ்பரஸ். வால்வ தொறந்து மூட வைக்குற டப்பெட், கேம் தேயாம காக்குறது அதுதான். சிகே-4 வந்த புதுசுல அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனி, பாஸ்பரஸ் குறைவா இருக்குற சிகே-4 எங்க டீசல் இன்ஜினுக்கு வேணாம்னு சொல்லி தனியா ஒரு ஸ்பெக்கே போட்டாங்க. அதனால கம்பெனி வெப்சைட்ல டேட்டா ஷீட்ட இறக்கி டிபிஎன் 10 பக்கத்துல இருக்கா, பாஸ்பரஸ் 1000 பிபிஎம்முக்கு கம்மியில்லாம இருக்கான்னு பாருங்க. பாஸ்பரஸ் போடலன்னா கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக் கேளுங்க.

ஸ்டெப் 5: மாத்துறது. இன்ஜின் சூடா இருக்கும்போதே ட்ரெயின் பண்ணுங்க, வாஷர் புதுசு போடுங்க, ஃபில்டர கட்டாயம் மாத்துங்க. ட்ரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர் மட்டும்தான், ஓபன் ஸ்பேனர் தலைய மழுக்கிடும். ஃபில்டர்ல ஸ்க்ரூ டிரைவர குத்தி திருப்புறத தயவுசெஞ்சு விடுங்க, ஒரு ஸ்ட்ராப் ரெஞ்ச் வாங்கிப் போட்டா ஆயுசுக்கும் வரும். சின்ன டின்ல விக்கிற ஆயில் டானிக் எதுவும் வேணாம்.

அப்டேட்: புது ஆயில் ஊத்தின உடனே கருத்துடுச்சுன்னு நிறைய பேர் கேக்குறீங்க. டீசல் இன்ஜின்ல கரியாலதான் கருக்குது, ஆயில் அந்தக் கரிய தூக்கி வச்சிருக்குன்னு அர்த்தம். டிப்ஸ்டிக்ல டீசல் வாசனை அடிச்சாலோ பால் கலந்த காபி மாதிரி இருந்தாலோதான் உடனே வண்டிய நிறுத்தணும். ரொம்ப நாள் சுமாரான ஆயில் ஓடின இன்ஜினா இருந்தா புது ஆயில் உள்ள இருக்குற கசட கரைச்சுக் கொண்டுவரும், அதனால முதல் தடவ மட்டும் வழக்கமா மாத்துற கிலோமீட்டர்ல பாதி ஓடினதுமே ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க.

அப்டேட் 2: வழில அவசரத்துக்கு சிஐ-4 மேல சிகே-4 டாப் அப் பண்ணலாமான்னு ஒரு டிரைவர் அண்ணன் கேட்டாரு. பண்ணலாம்ணே, ஒண்ணும் திரியாது, ஆனா அடுத்து ஆயில் மாத்துற கிலோமீட்டர பழைய ஆயில் கணக்குலயே வச்சுக்குங்க. காலி பக்கெட்ட பழைய இரும்புக் கடைக்குப் போடுறப்போ அடில ரெண்டு ஓட்ட போட்டுக் கொடுங்க, டூப்ளிகேட் ஆயில் அதுலதான் ரொப்பி வருது.