விடுமுறையில் குடும்பத்தோடு ஓர் அறிவியல் உலா: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை அறிவியல் சம்பந்தமாக எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று தோன்றும். போய் வந்த பிறகு பார்த்தால் போனில் படங்கள் நிறைந்திருக்கும்; பிள்ளை தன் கையால் செய்தது ஒன்றும் இருக்காது. எதையாவது பிடித்து, அளந்து, எண்ணிப் பார்க்கிற உலாவுக்குப் பெரிய செலவு ஆகாது. பெற்றோர் அறிவியல் படித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம் இடம்

"எங்கே போகலாம்?" என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போகும். கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள். குளத்துத் தண்ணீரில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன? அந்த மரம் எவ்வளவு உயரம்? கடற்கரை மணலில் காந்தத்தில் ஒட்டுவது எது? ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். அதன் விடை அங்கேயே, அன்றைக்கே கிடைக்க வேண்டும். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்பதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஆளுக்கொரு ஊகத்தை நோட்டில் எழுதுங்கள், பெரியவர்களும்தான். தன் ஊகம் சரியா தப்பா என்று தெரியாமல் எந்தப் பிள்ளையும் வீட்டுக்குத் திரும்ப ஒத்துக்கொள்ளாது.

படி 2: பை

பூதக்கண்ணாடி, அளவு டேப், வெள்ளை நிறத் தட்டு, கைப்பிடி உள்ள வடிகட்டி, மெல்லிய பிரஷ், நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் எழுத்து கரைந்துவிடும். கடற்கரைக்கு என்றால் காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டு மணலில் இழுங்கள். கறுப்புத் துகள்கள் பையின் மேல் அப்பிக்கொள்ளும். பெரும்பாலும் மேக்னடைட் என்கிற இரும்புத் தாது. பையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவினால் துகள்கள் அத்தனையும் பையோடு வந்துவிடும். காந்தத்தில் நேராக ஒட்டவிட்டால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

படி 3: குளக்கரை

முதல் உலாவுக்கு என்னைக் கேட்டால் குளத்தைத்தான் சொல்வேன். ஆழமில்லாத, கரை சரியாத இடமாகப் பார்த்து, ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருங்கள். இதில் சலுகையே கிடையாது.

முதலில் வெள்ளைத் தட்டில் ஒரு விரல் உயரத்துக்குக் குளத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். நடுக்குளத்தில் துழாவிப் பயனில்லை. உயிர்கள் செடிகளின் வேரடியில்தான் ஒளிந்திருக்கும். வடிகட்டியை அங்கே மெதுவாக நாலைந்து முறை ஓட்டி, தட்டில் கவிழ்த்துவிட்டு, ஒரு நிமிடம் கையை வைக்காமல் பாருங்கள். வெறும் குப்பையாகத் தெரிந்தது நெளிய ஆரம்பிக்கும்.

தண்ணீர்ப் பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்கி, வால்பக்கக் குழாயால் மூச்சு விடுகிறதா? கொசுப்புழு. தொங்காமல் பரப்பை ஒட்டிப் படுத்திருந்தால் அதுவும் கொசுப்புழுதான், ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனம். ரத்தச் சிவப்பில் ஒரு புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம். அது கடிக்காத ஒரு வகைச் சிறு ஈயின் புழு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கிறது.

நட்சத்திர விருந்தாளி தட்டானின் இளம்பருவம்தான். இறக்கை இல்லாமல், சேற்று நிறத்தில், பார்க்க அழகாகவே இருக்காது. பிரஷ் நுனியால் லேசாகத் தொட்டால் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி முன்னே பாயும். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் உதட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டி இரையைப் பிடிக்கும். அதே தட்டில் கொசுப்புழுவும் இருந்தால் பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்த முடியாது. வால் முனையில் இலை போன்ற மூன்று மடல்கள் இருந்தால் அது ஊசித்தட்டானின் இளம்பருவம். மூச்சுவிட அந்த மடல்களும் உதவுகின்றன.

பெயர் தெரியாவிட்டால் என்ன? எத்தனை கால், வால் உண்டா, எப்படி நீந்துகிறது என்று வரைந்துகொண்டால் போதும். தட்டை வெயிலில் வைக்காதீர்கள். முடிந்ததும் எடுத்த இடத்திலேயே தண்ணீரோடு மெதுவாகக் கவிழ்த்துவிட்டு, எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

படி 4: மரத்தின் உயரம்

இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வெயிலில் பிள்ளையை நிறுத்தி உயரத்தையும் நிழலையும் அளங்கள். பிள்ளை 120 செ.மீ., நிழல் 80 செ.மீ. என்றால் உயரம் நிழலைப் போல ஒன்றரை மடங்கு. மரத்தின் நிழல் 6 மீட்டர் இருந்தால் மரம் 9 மீட்டர். இரண்டு நிழல்களையும் அடுத்தடுத்து அளந்துவிடுங்கள், சூரியன் காத்திருக்காது. உச்சிவெயிலிலும் வேண்டாம்: அகலமாகப் படர்ந்த மரத்தில் அப்போது தரையில் விழுவது பக்கக் கிளைகளின் நிழல், உச்சியின் நிழல் அல்ல.

படி 5: அறிவியல் மையம், வழிகாட்டியோடு போகும் சுற்றுலா

காட்சிப்பொருளைத் தொட்டு இயக்கிப் பார்க்கும் வழக்கத்தைப் பரவலாக்கியதில் சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரட்டோரியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-ல் தொடங்கிய இடம் அது. இன்று பல அறிவியல் மையங்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஆனால் பிள்ளைகள் பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். முதல் சுற்றில் எதையும் தொடாமல் சும்மா நடந்து, ஆளுக்கொன்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த மூன்று நான்கை மட்டும் ஆற அமரப் பாருங்கள். பொத்தானை அமுக்கும் முன் "என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

கூடத்தில் உயரத்திலிருந்து தொங்கும் பெரிய ஊசல் இருந்தால் விடாதீர்கள். பூமி சுழல்வதைக் காட்ட பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1851-ல் பாரிசில் செய்து காட்டியது அது. உள்ளே போகும்போது ஊசல் எந்தத் திசையில் ஆடுகிறது என்று வரைந்துகொண்டு, திரும்பும்போது மறுபடி பாருங்கள். திசை மாறியிருக்கும். துருவத்துக்கு அருகில் வேகமாகத் திரும்பும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெதுவாகும்.

சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்யும்போது வயது வரம்பு, எத்தனை பேர் கொண்ட குழு என்பதோடு, "பிள்ளைகள் கையால் என்ன செய்வார்கள்?" என்றும் கேளுங்கள். பதில் இழுத்தால் அது வேடிக்கை பார்க்கும் சுற்றுலா. அதுவும் போகலாம், தெரிந்தே போங்கள்.

படி 6: இரவு வானம்

நிலாவைப் பார்க்க முழு நிலா நாளை எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள். பைனாகுலருக்கு அரை நிலாதான் நல்லது. வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுவதால் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதுவரை போனை எடுக்காதீர்கள். பகலில் பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

வியாழன் தெரிகிற மாதம் என்றால் முழங்கையைச் சுவரில் ஊன்றி, பைனாகுலரை ஆடாமல் பிடித்துப் பாருங்கள். கோளை ஒட்டி, ஏறக்குறைய ஒரே கோட்டில் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட அதே நாலு நிலாக்கள்தான். இரவுக்கு இரவு அவற்றின் இடத்தை வரைந்து பார்த்துத்தான், அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று அவர் கண்டுகொண்டார். நீங்களும் வரையுங்கள், மறுநாளும் அதே நேரத்துக்குப் பார்த்து, பக்கத்திலேயே இன்னொரு படம் போடுங்கள். நாலுக்குப் பதில் மூன்றுதான் தெரிந்தால் பைனாகுலரைக் குறை சொல்ல வேண்டாம், ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கலாம்.