பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஓட்டுமுறை

சிங்கப்பூரில் பெட்ரோலை வீணாக்குவது பெரும்பாலும் தூரமன்று. பச்சை விழுந்ததும் சீறிப் பாய்ந்து, அடுத்த விளக்கில் பிரேக்கை அழுத்தும் பழக்கமே. முன்னால் செல்லும் காரை மட்டும் பார்க்காமல், அதற்கு அப்பாலுள்ள விளக்கையும் கவனியுங்கள். அது சிவப்பாக இருந்தால் எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே உருண்டு வேகம் குறையும்போது, இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் எரிபொருள் செல்வதையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலுக்கு மாற்றினாலோ, எஞ்சின் அணையாதிருக்கச் சிறிது பெட்ரோல் எரிந்தாக வேண்டும். காரின் மீதுள்ள கட்டுப்பாடும் குறையும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் செல்லும்போது அது 70-இல் இருப்பதைவிட ஏறத்தாழ 65 விழுக்காடு கூடுதல். தடம் மாறி மாறி முந்திச் சேர்த்த ஓரிரு நிமிடமும், வெளியேறும் வழியின் நெரிசலில் கரைந்துவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தத்தில் யாருக்காகவேனும் காத்திருக்கையில் ஏர்கானுக்காக எஞ்சினை ஓடவிடாதீர்கள். இங்கு அது சட்டப்படியும் குற்றம். வெயிலில் நின்ற காரின் சன்னல்களைத் திறந்து சூட்டை வெளியேற்றிய பிறகே ஏர்கானை இயக்குங்கள்.

டயர்க் காற்றை, ஓட்டுநர் கதவோரம் பொதுவாக ஒட்டப்பட்டிருக்கும் அளவுப்படி, டயர் சூடாவதற்கு முன் சரிபாருங்கள். எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு அதிகம் உதவாது: எல்லை கடக்கும் சிங்கப்பூர் காரின் கலனில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும்.