பழைய சாமான்களில் ஆட்டுப் பரண் கட்டும்போது மாணவர்கள் செய்யும் தவறுகள்

ஆட்டுப் பரண் என்றால் தூண்மேல் பலகைத் தளம் போட்டு, புழுக்கை இடுக்கு வழியே கீழே விழும்படி கட்டும் கொட்டகை. அதில் முதல் தவறே வரைபடத்தில் தொடங்குவதுதான். 20 அடிக்கு 12 அடி என்று வரைந்துகொண்டு பழைய மரக்கடைக்குப் போனால், இடித்த ஓட்டு வீட்டுக் கைமரம் எல்லாம் 8 அடி, 9 அடி என்று கிடக்கும், அதை ஒட்டுப்போட்டு நீட்டினால் அந்த இடம்தான் முதலில் தொய்யும். பொருளைச் சேருங்கள், ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள், அப்புறம் பென்சிலை எடுங்கள்.

மரத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். தட்டினால் பொத்தென்று கேட்கிறதா, உள்ளே கரையான். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆடு மரத்தைக் கடிக்கும், நக்கும், அதனால் அந்தப் பலகை வேண்டாம். பேலட் கட்டையில், அதாவது சரக்கு அடுக்கி அனுப்பும் மரத்தட்டில், எம்பி (MB) என்று முத்திரை இருந்தால் அது மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்ட மரம், எச்டி (HT) என்றால் சூடேற்றியது மட்டுமே.

சும்மா கிடைக்கிறதே என்று பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தூக்கி வருவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அதை அறுத்தாலும் துளைபோட்டாலும் பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், புற்றுநோய் பல வருடம் கழித்துக்கூட வரும். தொடவே வேண்டாம்.

தகரம் நல்லது. ஆனால் பழைய ஆணித்துளை பள்ளத்தில் இருந்தால் ஒழுகும், துளை மேட்டில் வருகிற தகரமாகப் பொறுக்குங்கள். மேலே கல்லை வைத்துச் சமாளிக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் எத்தனை கூரைகளைப் பிய்த்து எறிந்தது! காற்று கூரையைக் கீழிருந்தும் தூக்கும், எனவே ஜே போல்ட் (கொக்கிபோல வளைந்த போல்ட்) போட்டுத் தகரத்தை அதன் அடியில் குறுக்கே ஓடும் ரீப்பர் சட்டத்தோடு இறுக்குங்கள், கைமரத்தைத் தூணோடு கட்டுங்கள்.

பரண் பலகைகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் விடுங்கள். குறைந்தால் புழுக்கை விழாமல் அடைத்துக்கொள்ளும், அதிகமானால் குட்டியின் கால் மாட்டும். பழைய பலகை அகலத்தில் ஒன்றுபோல இருக்காது, கண்ணளவு பத்தாது, அதே கனத்தில் ஒரு துண்டுக் கட்டையை இடையில் வைத்து வைத்து ஆணி அடியுங்கள். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே குறைவாக விழும்.

உயரத்தை இரண்டடியில் நிறுத்திவிடுகிறார்கள், மரம் மிச்சமாகிறது என்று. கீழே புழுக்கை அள்ளப் போவது யார்? பரண் கட்டிக்கொடுக்கும் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, குனிந்து கூட்டுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டு, தூணில் அந்த அளவைக் குறித்த பிறகு குழி தோண்டுங்கள். நாலடிக்குக் குறையாது.