கொட்டகை மீன் தொட்டிக்குச் சோலார்: முதலில் ராத்திரிக் கணக்கு

தொட்டி கட்டுவது, குஞ்சு விடுவது, தீவனம் போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே மின்சாரத்துக்கு வருகிறேன். ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம் முதல் தொண்டி வரை வெயிலுக்குப் பஞ்சமில்லை. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையமே ஓடுகிறது. ஆனால் கொடுவா நெருக்கமாக நிற்கும் தொட்டியில் ராத்திரி தண்ணீருக்குள் விடும் காற்று நின்றால், அரை மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் சுமையைப் பிரியுங்கள். போர்வெல் மோட்டார் வெயில் நேரத்தில் ஓடினால் போதும். தொட்டிக்குள் காற்றடிக்கும் ப்ளோயர்தான் இருபத்து நாலு மணி நேரமும் வேண்டும். பேட்டரி அதற்கு மட்டும்.

100 வாட் ப்ளோயர் என்றால் நாளுக்கு 2.4 யூனிட். மாலை ஆறு முதல் காலை எட்டு வரை 1.4 யூனிட். 12 வோல்ட், 150 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். ஆக, இரண்டு பேட்டரி. நாளுக்கான 2.4 யூனிட்டுக்குப் பேனல் 700 வாட் என்று கணக்கு வரும், நீங்கள் ஒரு கிலோவாட் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அதுவும் போதாது, ஈபி லைன் கூடவே இருக்கட்டும்.

அடுத்தது இன்வெர்ட்டர். பலருக்கும் சறுக்குவது இங்கேதான். மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். 100 வாட் ப்ளோயருக்கு 150 விஏ (இன்வெர்ட்டர் தாங்கும் சுமையின் அளவு) போதும் என்று வாங்கினால், 'ம்ம்' என்று ஒரு முனகல், சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். 600 விஏவுக்குக் குறையாமல், சைன் வேவ் வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் மோட்டார் சூடாகும். சின்னத் தொட்டி என்றால் என் ஓட்டு பேட்டரியில் நேரே ஓடும் டிசி ப்ளோயருக்கு, இன்வெர்ட்டரே வேண்டாம். மாட்டி முடித்ததும் இருட்டிய பிறகு மெயினை அணைத்து, ப்ளோயர் தானாகக் கிளம்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ப்ளோயரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் நின்ற நொடியில் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

பேனல் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு. கடலோரத்தில் போல்ட், நட் 316 ஸ்டெயின்லெஸ். கொஞ்சம் விலைதான், பேரம் பேசாதீர்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை வைத்துப் பேனலைக் கழுவ வேண்டாம், வெள்ளையாகப் படிந்துவிடும். விடிகாலையில் ஒரு குடம் நல்ல தண்ணீர், மெல்லிய துணி, போதும். பேட்டரியைத் தொட்டி ஈரம் அடிக்காத, காற்றோட்டமுள்ள தனி இடத்தில் வைத்து டெர்மினலில் வாசலின் தடவுங்கள்.

பிறகு சேர்த்தது: வீட்டு மாடியில் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடுவது) ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா என்று தொண்டிப் பக்கமிருந்து ஒருவர் கேட்டார். போதாது அண்ணே. லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக, ஈபி கரண்ட் போனதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். ஈபி போனாலும் பேட்டரியில் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், பேட்டரியோடு வேண்டும். அப்புறம், காற்றுக் குழாயில் அழுத்தம் குறைந்தால் தட்டும் ஒரு பிரஷர் சுவிட்ச் போட்டு, அதோடு இணைத்து, தனி பேட்டரியில் ஓடும் அலாரத்தைப் படுக்கும் இடத்தில் மாட்டிவிடுங்கள்.